பழைய லென்ஸின் விலையும் சுங்கத்தில் ஏறும் விலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு விற்பனையாளர்களிடமிருந்து பழைய தொலைநோக்கிகளையும் கேமரா லென்ஸ்களையும் மலிவாக வாங்குவது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்திருக்கிறதா, ஒட்டிய கண்ணாடிகள் பிரியத் தொடங்கிவிட்டனவா என்று படங்களைப் பார்த்தே கண்டுபிடிப்பது எப்படி என அக்கட்டுரை நன்றாக விளக்கியிருந்தது. ஆனால் பொருள் எல்லையைக் கடக்கும்போது ஏறும் வரிகளையும் கட்டணங்களையும் 'சுங்க வரி தனி' என்ற இரண்டே சொற்களில் கடந்துவிட்டது. மலிவு என்று நினைத்து வாங்கியது மலிவாக இல்லாமல் போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

விற்பவர் கேட்ட விலையின் மேல் மட்டும் வரி விழும் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. பெரும்பாலான நாடுகள் பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் கூட்டி, அந்த மொத்தத்தையே வரிக்குரிய மதிப்பாகக் கொள்கின்றன. அமெரிக்கா போன்ற சில நாடுகள் பன்னாட்டுப் போக்குவரத்துச் செலவைச் சேர்ப்பதில்லை. உலக வர்த்தக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தம் இதை அந்தந்த நாட்டின் முடிவுக்கே விட்டிருக்கிறது. முதலில் அந்த மதிப்பின் மேல் சுங்க வரி கணக்கிடப்படும். பிறகு மதிப்பையும் சுங்க வரியையும் கூட்டி வரும் தொகையின் மேல் மதிப்புக் கூட்டு வரியோ சரக்கு, சேவை வரியோ ஏறும். தொலைநோக்கியின் தாங்கி போன்றவை கனமானவை என்பதால் அனுப்பும் செலவே விலையில் பாதியைத் தொட்டுவிடுவதுண்டு. ஒரு கணக்குக்காக, பொருளின் விலை 100, அனுப்பும் செலவும் காப்பீடும் 50, சுங்க வரி 10 சதவீதம், மதிப்புக் கூட்டு வரி 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சுங்க வரி 15. 165-க்கு மதிப்புக் கூட்டு வரி 33. ஆக வரி மட்டும் 48. இரண்டு சதவீதங்களையும் கூட்டி 30 என்று மனக்கணக்குப் போட்டவர் அதில் பாதிக்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்.

எந்த விகிதம் என்பதைப் பொருளின் வகைப்பாடு தீர்மானிக்கிறது. ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஓர் எண் கொடுக்கும் உலக சுங்க அமைப்பின் ஒத்திசைவுக் குறியீட்டு முறை 1988 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் முதல் ஆறு இலக்கங்கள் அம்முறையைப் பின்பற்றும் எல்லா நாடுகளுக்கும் பொது. பைனாகுலர், தொலைநோக்கி, அவற்றின் தாங்கிகள் ஆகியவை 9005 என்ற நான்கு இலக்கத் தலைப்பில் வரும். சட்டகத்தில் பொருத்திய லென்ஸ் 9002-இலும், பொருத்தாத லென்ஸும் மூக்குக்கண்ணாடி லென்ஸும் 9001-இலும், ஒளியியல் நுண்ணோக்கி 9011-இலும் வரும். பொட்டலத்தின் மேல் 'பழைய லென்ஸ்' என்று மட்டும் எழுதி அனுப்பினால், அது கேமராவுக்கானதா, மூக்குக்கண்ணாடிக்கானதா என்று அதிகாரி ஊகிக்க வேண்டியதுதான். துப்பாக்கியில் பொருத்தும் குறிநோக்கி 9013-இல் தனியாக வைக்கப்பட்டிருக்கிறது. அதை இறக்குமதி செய்யப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. சாதாரண ஒற்றைக்கண் நோக்கியைச் சரியாக விவரிக்காமல் அனுப்பினால், அந்தச் சந்தேகத்தில் பொட்டலம் கிடங்கிலேயே கிடக்க நேரலாம். இன்னொன்று, இந்த வகைப்பாட்டில் பொதுவாகப் புதியது, பழையது என்ற வேறுபாடு கிடையாது. நூறு ஆண்டுகளைக் கடந்த தொல்பொருளுக்கு 9706 என்ற தனித் தலைப்பு உண்டு. சில நாடுகளில் அதற்குச் சுங்க வரியே இல்லை. ஆனால் பித்தளைத் தொலைநோக்கியின் வயதை நிரூபிக்கும் பொறுப்பு வாங்கியவருடையது.

பழைய பொருளுக்கே உரிய சிக்கல் மதிப்பீட்டில்தான் தொடங்குகிறது. மேற்சொன்ன சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தத்தின்படி, உண்மையில் கொடுத்த விலையே முதல் அடிப்படை. அதை நம்பக் காரணமில்லை என்று சுங்கத்துறை கருதினால் விளக்கம் கேட்கலாம். விளக்கத்துக்குப் பிறகும் ஐயம் தீராவிட்டால், அதே பொருளின் விலை, அதையொத்த பொருளின் விலை என்று வரிசையாக மற்ற முறைகளுக்குப் போகலாம். புதிய பொருளுக்கு இது சரி. ஒரே ஆண்டில், ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்ட இரண்டு லென்ஸ்களில் ஒன்று கண்ணாடி பளிச்சென்று இருப்பதால் முழு விலைக்குப் போகும். மற்றொன்று உள்ளே மங்கல் படிந்து, ஒளியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் துவார இதழ்களில் எண்ணெய் கசிந்து, கால் விலைக்கும் போகாமல் கிடக்கும். பெயரும் மாதிரி எண்ணும் ஒன்றுதான். திரையில் அந்த மாதிரியின் பெயரைத் தட்டிப் பார்க்கும் அதிகாரிக்கு முதலில் கண்ணில் படுவது முழு விலைதான். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பொய் விலை எழுதிய பொட்டலங்களும் அவர் மேசைக்குத்தான் வருகின்றன. ஆகவே விற்பனை அறிவிப்பு, அதில் குறிப்பிட்ட குறைபாடுகள், பணம் செலுத்திய சான்று ஆகிய மூன்றையும் அச்செடுத்துப் பொட்டலத்தின் வெளிப்புற உறையில் வைக்கச் சொல்வது எந்த வாதத்தையும்விட நன்றாக வேலை செய்யும்.

'அன்பளிப்பு என்று எழுதி, விலையையும் குறைத்துப் போட்டு அனுப்பட்டுமா?' என்று விற்பவரே சில நேரம் கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுவதே நல்லது. அது பொய் அறிக்கை. அபராதம் ஒரு புறமிருக்க, வழியில் கண்ணாடி உடைந்தால் இழப்பீடு கேட்கும்போது எழுதிய அந்தச் சிறு தொகையே திரும்பி வந்து நிற்கும்.

இனி, வரியைவிட எனக்கு அதிகமாக உறுத்துவது கட்டணங்கள். வரியையாவது சட்டத்தைப் படித்துக் கணக்கிட்டுவிடலாம். கூரியர் நிறுவனம் நம் சார்பில் வரியைச் சுங்கத்துறைக்கு முன்கூட்டிச் செலுத்திவிட்டு, அதற்கென்று ஒரு கட்டணம் போடுகிறது. சுங்க ஆவணம் தயாரித்ததற்கு ஒன்று, கிடங்கில் வைத்ததற்கு ஒன்று, சில இடங்களில் இந்தக் கட்டணங்களின் மேலேயே வரி. இவற்றில் பல பொருளின் விலையைப் பொருட்படுத்தாத நிலையான தொகைகள். விலை உயர்ந்த நுண்ணோக்கி வாங்குபவருக்கு அது கண்ணில் படாது. மாணவர் ஒருவர் வாங்கும் சிறிய ஐபீஸுக்கோ (தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்க்கும் பகுதி) வரியைவிடக் கட்டணம் பெரிதாகிவிடும். இப்படிப்பட்ட ரசீது ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வரிசை அரசுக்குப் போகிறது, எந்த வரிசை நிறுவனத்துக்குப் போகிறது என்று பிரித்தறிய நானே திணறியிருக்கிறேன். இரண்டும் ஒரே பட்டியலில், ஒரே எழுத்தளவில், 'இறக்குமதிச் செலவு' என்ற ஒரே தலைப்பின் கீழ் இருந்தன. அஞ்சல் வழியாக வரும் பொருளுக்கும் கையாளும் கட்டணம் இருக்கலாம் என்றாலும், பொதுவாக அது குறைவு. மாறாக, தாமதம் அதிகம்.

முன்பெல்லாம் சிறிய பொருட்கள் வரி வரம்புக்குக் கீழே தப்பிவிடும். அந்தக் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான மதிப்புக் கூட்டு வரி விலக்கை 2021 ஜூலை 1 அன்று நீக்கியது. அமெரிக்காவின் 800 டாலர் வரையிலான சுங்க வரி விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 150 யூரோ வரையிலான பொருட்களுக்கு விற்பனைத் தளமே வரியை முன்னதாக வசூலிக்கும் ஏற்பாடு இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தளத்தின் பதிவு எண் சுங்கத் தரவோடு சேர்ந்து வராவிட்டால் அதே வரி வாசலில் மறுபடியும் கேட்கப்படும். தளத்தில் வரி கட்டிய ரசீதைப் பொருள் வந்து சேரும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

திருப்பி அனுப்புவதும் பழுது நீக்க அனுப்புவதும் தனிக் கதை. பைனாகுலரின் இரு குழல்களும் ஒரே புள்ளியைக் காட்டாமல் விலகியிருந்தால் திருப்பி அனுப்பத்தான் வேண்டியிருக்கும். பல நாடுகளில் வரியைத் திரும்பப் பெற வழி உண்டு. ஆனால் பொருள் நாட்டை விட்டு வெளியேறியதற்கான சுங்க ஆவணம் வேண்டும், கால வரம்பும் இருக்கும். கூரியரின் கட்டணம் பெரும்பாலும் போனது போனதுதான். சொந்த லென்ஸைப் பழுது பார்க்க வெளிநாட்டுக்கு அனுப்புபவர், அனுப்பும்போதே வரிசை எண்ணைக் குறிப்பிட்டு ஏற்றுமதி ஆவணம் பெறாவிட்டால், திரும்பி வரும் தன் பொருளுக்கே புதிதாக வரி கட்ட நேரலாம்.

வரியே கூடாது என்பது என் வாதமல்ல. புதிதாக விற்கப்பட்டபோதே ஒரு நாட்டில் வரி கட்டப்பட்ட பொருளுக்கு மறுபடியும் முழு விலையில் வரி விதிப்பது நியாயமா என்ற கேள்வி இருக்கிறது. உள்நாட்டில் பழைய பொருள் விற்கும் வணிகர் தம் லாபத்துக்கு மட்டும் மதிப்புக் கூட்டு வரி கட்டினால் போதும் என்ற முறை ஐரோப்பாவில் உண்டு என்பதையும் இங்கே நினைக்கலாம். அதைச் சட்டம் இயற்றுவோர் பார்த்துக்கொள்ளட்டும். என் கோரிக்கை அதைவிடச் சிறியது. பொருளை வாங்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே மொத்தத் தொகை தெரிய வேண்டும். கூரியர் நிறுவனங்கள் தங்கள் சுங்கக் கட்டணங்களை அனுப்பும் செலவு காட்டும் அதே பக்கத்தில் காட்டவும், ரசீதில் அரசின் வரியையும் தங்கள் கட்டணத்தையும் தனித்தனித் தலைப்பில் எழுதவும் விதி வர வேண்டும். சுங்கத்துறை, பழைய ஒளியியல் கருவிகளின் விலைக்கு எந்தெந்தச் சான்றுகளை ஏற்கும் என்று ஒரு பக்க அறிவிப்பாவது வெளியிட வேண்டும். தங்கள் நாளிதழும் அடுத்த முறை வெளிநாட்டு விலையை உள்நாட்டு விலையோடு ஒப்பிட்டு அட்டவணை போடும்போது, அனுப்பும் செலவு, சுங்க வரி, மதிப்புக் கூட்டு வரி, கூரியர் கட்டணம் ஆகிய நான்கையும் சேர்த்தே போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்