உடைந்த கண்ணாடியை ஒட்டாமல் கொண்டுவாருங்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

சென்ற மாதம் கண்ணாடிச் சாமான் ஒட்டித் திருத்தும் எங்கள் கடைக்குக் கல்லடியிலிருந்து ஒரு அக்கா தன் அம்மம்மாவின் கண்ணாடி ஜக்கைச் சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு வந்தார். ஆறு துண்டாக உடைந்தது. மகன் நல்ல மனத்தோடு நான்கைச் சுப்பர் குளூவால் ஒட்டிவிட்டான். ஐந்தாவது பொருந்தவில்லை, ஆறாவதைக் காணவே இல்லை. துண்டுகளாகவே வந்திருந்தால் ஒன்றரைக் கிழமை வேலை. ஒட்டியதைப் பிரிக்கவே மூன்று கிழமை போய்விட்டது. கூலியும் கூடியது, அக்காவுக்குக் கவலை, எங்களுக்குச் சங்கடம். அதனால்தான் இந்த மடல்.

கண்ணாடி உடைந்த விளிம்பு மிகவும் வழுவழுப்பானது. இடையில் மயிரளவு பசை தடித்தாலும் முதல் துண்டு சரியும். அந்தச் சரிவு துண்டுக்குத் துண்டு கூடி, கடைசித் துண்டுக்கு உள்ளே போக வழியிருக்காது. அந்தத் தம்பியின் ஐந்தாவது துண்டுக்கு நடந்தது இதுதான். சுப்பர் குளூ ஓரங்களில் வெள்ளைப் புகை படிந்தது போலவும் பூத்துவிடும். அதை அசற்றோன் என்ற கரைப்பானால் ஆறுதலாக இளக்க வேண்டும். பொன் கோடு போட்ட பாத்திரமென்றால் அந்தக் கோடும் சேர்ந்து அழியலாம் என்பதால் இன்னும் மெதுவாக.

நாங்கள் பசையைக் கடைசியில்தான் எடுப்போம். துண்டுகளைக் கழுவிக் காயவைத்து, எல்லாவற்றையும் டேப்பால் இறுக்கிப் பொருத்தி, மூட்டுகளை நகத்தால் வருடிப் பார்ப்போம். நகம் எங்கும் தட்டுப்படாவிட்டால் சரி. அதன் பிறகு, தண்ணீர் போல ஓடும் எபொக்சி என்ற பசையை வெடிப்பின் மேல் துளித்துளியாக விடுவோம். திரி எண்ணெயை இழுப்பது போல வெடிப்பே அதை இழுத்துக்கொள்ளும்.

வெடிப்பு கண்ணுக்குத் தெரிவது உள்ளே காற்று நிற்பதால்தான். சாதாரணக் கண்ணாடியின் முறிவுச் சுட்டி, அதாவது உள்ளே போகும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் எண், ஏறக்குறைய 1.52. அதே சுட்டியுள்ள பசை உள்ளே போனால் கோடு அநேகமாக மறைந்துவிடும். அப்படிப்பட்ட எபொக்சி வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், விலையும் கூட, முழுதாக இறுக ஒரு கிழமை எடுக்கும். "இன்னும் காயவில்லையா?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகங்களில் பாவிக்கும் பராலொயிட் பி-72 என்ற பசை சீக்கிரம் காயும், வேண்டும்போது கரைத்தும் எடுக்கலாம். ஆனால் அது 40 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய வேனுக்குள் அதற்கு மேலேயே போகும். ஆகவே இந்த ஊரில் அதை நம்பிக் கனமான சாமானை ஒட்டுவதில்லை.

ஒட்டுவதற்கு முன் அது என்ன கண்ணாடி என்று பார்ப்போம். விளிம்பை விரலால் சுண்டினால் மணிபோல நீண்டு ஒலித்து, கையிலும் கனத்தால் பெரும்பாலும் ஈயக் கண்ணாடி. அதன் முறிவுச் சுட்டி கூட என்பதால் ஒட்டிய கோடு கொஞ்சம் தெரியத்தான் செய்யும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். (அந்தச் சாடிகளில் தேசிக்காய் ஊறுகாய் போட்டு வைக்காதீர்கள். புளிப்பு ஈயத்தை இழுக்கும்.) அடிப்பக்கம் நடுவில் கரடுமுரடான தழும்பு இருந்தால் வாயால் ஊதிச் செய்தது. பூவேலையின் விளிம்பு கையில் கூராகப் பட்டால் பட்டை தீட்டியது, மழுங்கி இருந்தால் அச்சில் அழுத்தியது. காசுத்தாள் பார்க்கும் புறவூதா விளக்கின் கீழ் சில மஞ்சள் பச்சைக் கிண்ணங்கள் பளீரென்று பச்சையாக ஒளிரும். அவை யுரேனியம் கலந்தவை. அலுமாரியில் வைத்துப் பார்க்கப் பயமில்லை, ஆனால் அவற்றை நாங்கள் தேய்த்துத் தூளாக்க மாட்டோம்.

மற்றவற்றில் விளிம்பு சிதறியிருந்தால் ஈரத்தில் தேய்த்து, சீரியம் ஒட்சைட்டு என்ற மெருகுத் தூளால் மெருகேற்றலாம். உயரம் ஓரிரு மில்லிமீற்றர் குறையும். விற்கும் எண்ணம் இருந்தால் தொடாமல் விடுவதே நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். உள்ளே மங்கிய போத்தலில் தண்ணீர் கலந்த வினாகிரி ஊற்றிப் பாருங்கள். கிணற்றுநீர்ச் சுண்ணாம்பு என்றால் வீட்டிலேயே போய்விடும், காசு மிச்சம். லாம்புச் சிமினியை மட்டும் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம். சூட்டில் எந்தப் பசையும் நிற்காது, புதிதாக வாங்குவதே வழி. ஒட்டிய குவளையில் தேநீரும் குடிக்கக் கூடாது.

உடைந்தவுடன் பொடித் துண்டு வரை பொறுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடதாசியில் சுற்றுங்கள். பொருந்துகிறதா என்று விளிம்போடு விளிம்பை உரசிப் பார்க்காதீர்கள், இன்னும் சிதறும்.

கல்லடி அக்காவின் ஆறாவது துண்டு, அந்த இடத்தில் நாங்கள் பிசின் வார்த்து முடித்த மறுநாள் அலுமாரிக்கு அடியில் அகப்பட்டது. அதையும் கடதாசியில் சுற்றி ஜக்கோடு வைத்திருக்கிறோம். வரும் வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்ளலாம், அக்கா.

இப்படிக்கு,
கடைக்காரர்
புளியந்தீவு, மட்டக்களப்பு