கிராஞ்சிக்குப் போகும்போது

அன்புள்ள தம்பிக்கு,

நலம். போன் எடுக்க உனக்கு நேரமில்லை போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். வேலையைப் பற்றி எதுவும் கேட்கக் கூடாதென்று அம்மா சொல்லியிருக்கிறாள். கேட்கவில்லை.

இரண்டாம் உலகப் போரில் காணாமல் போன நம் பெரிய தாத்தா முனுசாமியின் பெயரைப் பார்க்க, சிங்கப்பூர் கிராஞ்சியில் இருக்கிற போர்க் கல்லறைக்குப் போவதாகச் சொன்னாயே, போனாயா? நம் வீட்டில் இதுவரை யாரும் பார்த்ததில்லை. நீதான் முதல் ஆள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

கிராஞ்சி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். சாப்பிட்டுவிட்டுப் போ. புல்வெளியில் இருக்கிற 4,400-க்கும் மேற்பட்ட கல்லறைகளில் தேடாதே. உடல் கிடைக்காதவர்கள் பெயரெல்லாம் மேட்டின் மேலே கல்தூண்களில் இருக்கிறது, 24,000-க்கு மேல். முதலில் படைப்பிரிவு, அப்புறம் பதவி, அதற்குள்தான் ஆங்கில அகரவரிசை. தூண் எண் இல்லாமல் போனால் வெயிலில் சுற்ற வேண்டியதுதான். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்.

அங்கே பெயரைப் போட்டுத் தேடினால் சிக்கல். நமக்கேது குடும்பப் பெயர்? முனுசாமி என்பதைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பான். ஆயாவின் தகரப் பெட்டிக் காகிதத்தில் அவருடைய பட்டாளத்து சர்வீஸ் நம்பர் இருக்கிறது, அதைப் போடு. போட்டோ அனுப்பினேனே, திறந்துகூடப் பார்க்கவில்லை நீ. ஊர்ப் பெயர் கொடுத்திருந்தால் பக்கத்தில் வட ஆற்காடு என்றுதான் இருக்கும், வேலூர் என்று இருக்காது. தகனம் ஆனதாகப் பதிவிருந்தால் தூணில் தேடாதே. அவர்களுக்குப் பின்பக்கம் தனி நினைவுச் சின்னம், ஏறத்தாழ 800 பேர், பெரும்பாலும் நம் நாட்டுக்காரர்கள்.

இறந்த தேதி 1942 பிப்ரவரி 15 என்று இருந்தால் திதி கிடைத்துவிட்டதென்று நினைக்காதே. அது சிங்கப்பூர் சரணடைந்த நாள். காணாமல் போன பலருக்கும் அதையே போட்டிருக்கிறார்கள். நாம் வழக்கம்போல மகாளய அமாவாசைக்கே படைக்கலாம்.

காலையிலோ சாயங்காலமோ படம் எடு, வெயில் பக்கவாட்டில் விழுந்தால்தான் வெட்டெழுத்து தெரியும். எழுத்தின் மேல் சாக்பீஸ் தேய்க்காதே, கல் கெடும். பூவைக் கீழே வை. சாப்பிட்டுவிட்டுப் போ.

‘காணவில்லை’ என்று தந்தி வந்த பிறகும் கொள்ளுப்பாட்டி தபால்காரரை விட்டதில்லை. நானும் அந்த மாதிரி ஆகிக்கொண்டிருக்கிறேன். வேலை போயிருந்தால் போகட்டும், தம்பி. டிக்கெட்டுக்குப் பணம் போடுகிறேன், வந்துவிடு. நான் கேட்டதாக அம்மாவிடம் சொல்லாதே.

கிராஞ்சிக்கு என்றைக்குப் போகிறாய் என்று ஒரு வரி எழுது. முடியாவிட்டால் மிஸ்டு கால் கொடு, நானே கூப்பிடுகிறேன்.

அப்பா