நடைபாதையில் என் படங்கள்: ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

இந்த வருடம் கொழும்பில் நடந்த கலா பொலவில் என் படங்களும் தொங்கின. ஜோர்ஜ் கீற் மன்றம் 1993இல் தொடங்கிய அந்த ஓவியச் சந்தையில், ஆனந்த குமாரசுவாமி மாவத்தை நடைபாதையில் நின்று பார்த்தவர்கள் யாரும் என்னிடம் "எங்கே படித்தீர்கள்?" என்று கேட்கவில்லை. முன்பு ஓரிடத்தில் படத்தைப் பார்க்காமலே அதைத்தான் கேட்டார்கள். சரி, அது போகட்டும்.

நான் வேலை செய்வது புறக்கோட்டையில் ஒரு பெயின்ட் கடையில். அங்கே நிறம் கலக்கும் அண்ணன் ஒருநாள் மஞ்சளில் ஒரு சொட்டுக் கறுப்பு விட்டுக் கிண்டிக் காட்டினார். நீலமே சேராமல் பச்சை வந்தது! டப்பாவில் வருகிற பளீர்ப் பச்சை இல்லை. கதிர் முற்றத் தொடங்கும் வெள்ளாமையின் மங்கல் பச்சை. மட்டக்களப்புப் படுவான்கரையில் பிறந்தவனுக்கு அதைக் கண்ட பிறகு கை சும்மா இருக்குமா? என் வட்டைப் படங்கள், அதாவது வயல் படங்கள், எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது அந்தப் பச்சைதான். நன்றி அண்ணா. வியாபாரம் சூடான சனிக்கிழமையிலும் லீவு தந்த முதலாளிக்கும் நன்றி.

மருதானையில் பிரேம் அடித்த நானா முற்பணம் கேட்கவில்லை. "வித்த பொறகு தாங்க தம்பி" என்றார். வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு அன்ரி, டர்பன்டைன் மணத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே பால்கனியை விட்டுத் தந்தார். அப்புறம், குருநாகலில் இருந்து வந்து பக்கத்தில் படம் விரித்திருந்த ஐயா. தூறல் விழுந்ததும் தன் பொலித்தீனில் பாதியை என் படங்கள் மேல் இழுத்துப் போட்டார். அவருக்குச் சிங்களத்தில் அங்கேயே சொல்லிவிட்டேன்.

ஊரில் வெள்ளாமை வெட்டு நேரம், அப்பா வரவில்லை. வந்திருந்தால்தான் ஆச்சரியம். தங்கச்சிக்குத்தான் பெரிய நன்றி. வரம்பில் இறங்கி, எருமையின் முதுகுக்குக் கிட்டப் போனைப் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவாள். காய்ந்த சேறு மயிரோடு ஒட்டி வெடித்திருப்பதும், அந்த வெடிப்பில் ஈ நிற்பதும் தெரியும். அறைக்குள் இருந்து என்னால் அதைக் கற்பனை செய்ய முடியாது.

மட்டக்களப்பு அம்மா ஒருவர் ஒரு படத்தின் முன் வெகுநேரம் நின்றார். "இப்பதான் மழை விட்டிருக்கு போல, மனே" என்றார். மழையை நான் வரையவே இல்லை, வரம்போரம் தேங்கிய தண்ணீர் மட்டும்தான். அவர் படம் வாங்கவில்லை. வாங்கியவர்களுக்கு நன்றி, அந்த அம்மாவுக்கு ஒரு பிடி கூடுதலாக.

நானா, மிச்சக் காசு வருகிற சனிக்கிழமை கைக்கு வரும்.