டிராயருக்கு ஃபோம் வெட்டும் முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று படித்ததில் மகிழ்ச்சி, இங்கும் அப்படியே. பட்டறைக்குப் புது டிராயர் பெட்டி வந்துவிட்டது, ஃபோமும் வாங்கியாயிற்று, இந்த வாரமே வெட்டப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். நீ கத்தியை எடுக்கும் முன் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் உடனே எழுதுகிறேன்.

முதலில், ஒவ்வொரு கருவியும் அதனதன் இடத்தில் உட்கார ஃபோமில் அதன் வடிவத்திலேயே வெட்டும் இந்தக் குழிகள் எதற்கு என்பதில் தெளிவாக இரு. விமானப் பராமரிப்புக் கூடங்களில் கருவிகளை இப்படித்தான் வைப்பார்கள். ஒரு ஸ்பேனர் எஞ்சின் பக்கத்தில் மறந்துபோய்க் கிடந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் வேலை முடிந்ததும் எல்லாக் குழியும் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த வசதிக்காகத்தான் இவ்வளவு பாடு: காலியாக இருக்கும் குழி தானாகக் கண்ணில் பட வேண்டும். மேலே கறுப்பு ஃபோம், அடியில் மஞ்சளோ சிவப்போ 5 மி.மீ. ஃபோம் தாள் என்று இரண்டு நிறத்தில் செய்வதும் இதற்காகவே. ஒரே நிறமாக இருந்தால் கறுப்புக் குழிக்குள் கருவி இருக்கிறதா இல்லையா என்று குனிந்து தேட வேண்டியிருக்கும்.

அப்படிப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் குழி தேவையில்லை. டிராயரை விட்டு வெளியே போய்த் திரும்பி வர வேண்டிய கருவிகளுக்கு மட்டும் போதும். துளைக்கும் பிட்டுகளுக்கு மரக்கட்டையில் ஓட்டை போட்டு நிறுத்துவதே மேல். ஸ்க்ரூ, வாஷர், தேய்தாள் எல்லாம் சாதாரணத் தட்டில் இருக்கட்டும். ஃபோம் நிறைய இடத்தைத் தின்னும், இதை முன்னமே கணக்கில் வை.

நீ என்ன ஃபோம் வாங்கினாய் என்று எழுதவில்லை. ஒரு சிறு துண்டைத் தண்ணீரில் அமுக்கி எடுத்துப் பிழிந்து பார். தண்ணீர் சொட்டினால் அது பஞ்சு வகை. மெத்தையில் வரும் பாலியூரித்தேன் அப்படித்தான் இருக்கும். எண்ணெயையும் ஈரத்தையும் குடித்து, சில வருடங்களில் பொடியாக உதிரும், அதைத் திருப்பிக் கொடுத்துவிடு. தண்ணீர் ஏறாத பாலிஎதிலீன் அல்லது ஈவிஏ (செருப்பு அடிப்பாகத்தில் வரும் வகை) ஃபோம்தான் வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் உடனே எழும்ப வேண்டும்.

அடுத்து உயரம். டிராயரின் பக்கச் சுவரை அளக்காதே. டிராயர் மூடியிருக்கும்போது அதன் தரையிலிருந்து மேலே இடிக்கக்கூடிய மிகத் தாழ்ந்த பாகம் வரை, அதாவது மேல் டிராயரின் அடியோ சட்டத்தின் மடிப்போ, அதுவரை அள. அங்கே 50 மி.மீ. இருக்கிறது என்று வை. அடித்தாள் 5, அதன்மேல் உட்காரும் கருவியின் தடிமன் 45 என்றால் கூட்டி 50, மூடும்போது இடிக்கும். குறைந்தது 3 மி.மீ. இடைவெளி வேண்டும். சுத்தியலும் பெரிய பைப் ரெஞ்சும் ஆழமான கீழ் டிராயருக்குப் போவது எடைக்காக மட்டும் இல்லை, இதற்காகவும்தான்.

ஃபோம் தாளை டிராயரின் உள் அளவைவிட நீளத்திலும் அகலத்திலும் 1 மி.மீ. கூடுதலாக வெட்டினால் பசை இல்லாமலே இறுக்கமாக நிற்கும். 4 மி.மீ. கூடினால் நடுவில் தூக்கிக்கொள்ளும்.

இப்போதும் கத்தி வேண்டாம். அதே அளவில் ஒரு காகிதத்தை விரித்து, கருவிகளை அதன்மேல் அடுக்கி, இரண்டு வாரம் அப்படியே வேலை செய். எதை அடிக்கடி எடுக்கிறாய், எந்தக் கை நீள்கிறது என்பதெல்லாம் அதில்தான் தெரியும். டிராயர் முழுக்க வெளியே வராத ரகம் என்றால் பின்பகுதி பெட்டிக்குள்ளேயே மறைந்து நிற்கும்; அபூர்வமாக எடுப்பதை அங்கே வை. குழிக்கும் குழிக்கும் நடுவே 10 மி.மீ. சுவர் விடு, 6-க்குக் கீழே போனால் கிழியும். ஐந்தில் ஒரு பங்கு இடத்தை வெட்டாமல் விட்டுவை. நாளைக்கு ஒரு கருவி வாங்கினால் மொத்த ஃபோம் தாளையும் தூக்கிப்போட வேண்டிவராது.

கோடு போடுவதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். கருவியை ஃபோமில் வைத்து நேராக வரையாதே. தடித்த அட்டையில் வரைந்து, வெட்டி, அந்த ஓட்டையில் கருவி இறங்குகிறதா என்று பார்த்த பிறகு அட்டையை ஃபோம் மேல் வைத்து வரை. பேனா செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் முனை கருவியின் வயிற்றுக்கு அடியில் போய்க் குழி சிறுத்துவிடும். கறுப்பு ஃபோமுக்கு வெள்ளைப் பென்சில் நன்றாகத் தெரியும். கட்டிங் பிளேயரின் இரண்டு கைப்பிடிக்கும் நடுவே மெல்லிய நாக்கு மாதிரி ஃபோமை விட்டுவைக்காதே, ஒரே மாதத்தில் பிய்ந்துவிடும். மொத்தமாக ஒரே குழியாக எடு. வாயை விரித்துச் சுருக்கும் ஸ்பேனரை முழுக்க விரித்து வைத்து வரை. எந்த அளவில் திருப்பிவைத்தாலும் உட்காரும், இறுக்கத்தைக் கைப்பிடிக் குழி பார்த்துக்கொள்ளும்.

வெட்டுவதற்கு 18 மி.மீ. கட்டர் பிளேடு போதும். ஒவ்வொரு டிராயருக்கும் புது முனையில் தொடங்கு. முதல் தடவை லேசாக ஒரு கீறல், அது வழிகாட்டும். பிறகு இரண்டு மூன்று தடவையில் ஆழம் போ. ரம்பம் மாதிரி ஏற்றி இறக்கினால் சுவர் பிசிறு பிசிறாகும். பிளேடை மிக நீளமாக நீட்டினால் அது வளையும், மேலே சரியாக இருக்கும் குழி அடியில் கோணலாகிவிடும். வளைந்த மூலைகளுக்கு இரும்புக் குழாய்த் துண்டின் விளிம்பைக் கூர்மையாக்கி, அழுத்தித் திருகி எடு. லேசரிலோ சூட்டுக் கம்பியிலோ வெட்டலாம் என்று யாராவது சொன்னால் ஃபோம் எது என்று முதலில் கேள். பிவிசி என்றால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், பாலியூரித்தேன் புகையும் நச்சு.

திருப்புளிதான் கொஞ்சம் வம்பு பிடித்தது. கைப்பிடி விட்டம் 32, தண்டு 6 என்று வை. மையக்கோடு நேராகப் படுக்க வேண்டுமானால் தண்டுக் குழியின் தரை, கைப்பிடிக் குழியின் தரையைவிட, விட்டங்களின் பாதியான 16 கழித்தல் 3, அதாவது 13 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். மேல் ஃபோமை அடித்தாள் வரை முழுக்க வெட்டியிருந்தால், வெட்டி எடுத்த துண்டையே 13 மி.மீ. தடிமனுக்குச் சீவித் தண்டுக்கு அடியில் திரும்ப வை. ஒட்ட வேண்டுமானால் இரண்டு பக்கமும் கான்டாக்ட் பசை தடவி, கை வைத்தால் ஒட்டாத பதம் வந்த பிறகு அழுத்து. ஈவிஏ நன்றாகப் பிடிக்கும். பாலிஎதிலீனில் பசை நிற்பது கஷ்டம், துண்டில் சோதித்துவிட்டுச் செய்.

கருவி பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை உள்ளே இறங்கினால் போதும். எடுப்பதற்கு விரல் இடம் வேண்டும். 25 மி.மீ. அகலத்தில், கருவியின் நடுவில் அல்ல, எடை சமமாக நிற்கும் இடத்தில் வெட்டு. அப்போதுதான் தூக்கும்போது தலைப்பக்கம் தொங்காது. ஸ்பேனர் வரிசைக்கு இன்னும் சுலபம்: எல்லாவற்றுக்கும் குறுக்கே 30 மி.மீ. அகலத்தில் ஒரே வாய்க்கால்.

தண்ணீர் குடிக்காத ஃபோமில் ஈரம் எங்கும் போகாமல் கருவிக்கு அடியிலேயே தங்கித் துருப்பிடிக்கும். துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு வை. உளியின் கூர்முனைக்கு எதிரே 3 மி.மீ. வெற்றிடம் விடு, இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஃபோமை அறுக்கும். நுண்ணளவு எடுக்கும் வெர்னியர் அதன் சொந்தப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

அளவு எண்ணைக் குழிக்குப் பக்கத்தில் எழுதாதே. குழிக்குள், மஞ்சள் தரையில் எழுது. நட்டு திருகும் 10 மி.மீ. சாக்கெட் இல்லாத அன்று அந்த இடமே '10' என்று காட்டும்.

ஸ்பேனர் டிராயரில் தொடங்கு, அதில்தான் ஆழக் கணக்கு எளிது. டிராயர்களின் உள் அளவுகளையும் நீ அதிகம் எடுக்கும் கருவிகளின் பட்டியலையும் அடுத்த கடிதத்தில் எழுது. எது எந்த டிராயர் என்று சேர்ந்தே பிரித்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி