மலையக வைத்தியசாலைகளில் காற்றோட்ட அறிக்கைக்குக் கையொப்பமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர்களுக்கும் பொறியியலாளர்களுக்கும்,

காசநோயாளி படுத்திருக்கும் தனிமைப்படுத்தல் அறைக்குள் வரும் காற்றைவிட, அங்கிருந்து உறிஞ்சப்படும் காற்று கூடுதலாக இருக்க வேண்டும். அந்தச் சிறு வித்தியாசம்தான் கிருமி நடைபாதைக்கு வராமல் காக்கிறது. மலையகத்தில் அந்த வித்தியாசத்தையே அளவுப் பிழை விழுங்கிவிடலாம்.

நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 16 பாகை வெப்பத்தில் அங்கே ஒரு கனமீற்றர் காற்று சுமார் 0.98 கிலோதான். காற்றோட்டத்தை அளக்கும் கருவிகளோ பெரும்பாலும் 1.2 கிலோ என்று வைத்தே கணக்கிடுகின்றன. திருத்தாமல் விட்டால், அழுத்த வித்தியாசத்தால் வேகம் அறியும் பிட்டோ குழாய் வேகத்தைச் சுமார் 10 வீதம் குறைத்துக் காட்டும், சூடான கம்பி காற்றில் குளிர்வதை வைத்து வேகம் அறியும் சூட்டுக்கம்பி அனிமோமீட்டர் 18 வீதமளவு குறைக்கும். காற்றில் சிறு இதழ்கள் சுழலும் வேகத்தை எண்ணும் சுழல் இதழ் அனிமோமீட்டரில் இந்தப் பிழை மிகச் சிறிது.

கணக்கைப் பாருங்கள். செக்கனுக்கு 400 லீற்றர் உள்ளே வருகிறது, 380 வெளியேறுகிறது. மிச்சம் 20 லீற்றர் கதவிடுக்கால் நடைபாதைக்குக் கசிகிறது. உள்வரவைக் குழாய்வழியில் பிட்டோவால் அளந்தால் 361 என்று காட்டும். வெளியேற்றத்தைச் சுழல் இதழால் அளந்தால் 380. அறிக்கையில் அறை பாதுகாப்பானது! ஆகவே இரண்டு பக்கத்தையும் ஒரே கருவியால், ஒரே நாளில், கதவைச் சாத்தி, வடிகட்டியின் நிலை மாறாமல் அளக்கச் சொல்லுங்கள்.

அறைக் காற்றை வெளியே உறிஞ்சும் மீள்வாயில் இன்னொரு சிக்கல். உள்வரும் காற்று தாரையாகப் பாயும், மீள்வாய்க்கோ எல்லாப் பக்கத்திலிருந்தும் காற்று கூடிவரும். கருவியைச் சில சென்ரிமீற்றர் பின்னே இழுத்தாலே அளவு சரிந்துவிடும். கிரில் நடுவில் ஒரு தடவை பிடித்துப் பார்த்த எண்ணை 600க்கு 300 மில்லிமீற்றர் முழுப் பரப்பால் பெருக்குவது அளவீடு ஆகாது. முகத்தைச் சம கட்டங்களாகப் பிரித்துச் சராசரி எடுத்து, அந்தக் கிரிலுக்குத் தயாரிப்பாளர் தந்த பரப்புக் காரணியால் (வேகத்தைக் காற்றின் அளவாக மாற்றும் எண்) பெருக்க வேண்டும். உள்வாய்க்கான காரணியை மீள்வாய்க்குப் போடக்கூடாது. வாய் முழுவதையும் மூடி மொத்தக் காற்றையும் அளக்கும் அளவுக் கூண்டு வைத்தால் விளிம்பு கூரையோடு இறுக ஒட்டியிருக்கட்டும். கூண்டே காற்றைத் தடுக்கும் என்பதால் அதற்கான திருத்தமும் தேவை.

அறிக்கையில் கருவியின் வகை, அன்றைய காற்றடர்த்தி, பரப்புக் காரணி மூன்றும் இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். இருந்தாலும் கையொப்பமிடுமுன் கதவடியில், காற்றின் திசையைக் காட்ட மெல்லிய புகை விடும் சிறு சோதனைப் புகைக்குழாய் பிடித்துப் பாருங்கள். ஊதுபத்தி வேண்டாம், சூட்டில் அதன் புகை தானாகவே மேலெழும். புகை அறைக்குள் போகாமல் நடைபாதைப் பக்கம் திரும்பினால், தாளில் எந்த எண் இருந்தாலும் அந்த அறையில் நோயாளியை அனுமதிக்காதீர்கள்.