விடுதிக் கட்டடத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

திருவல்லிக்கேணி விடுதி வேலை முடிந்து, பெண்கள் மறுபடி மாடி அறைகளுக்குக் குடிபோய்விட்டார்கள். பாத்ரூம், தண்ணீர்த் தொட்டி, ஜன்னல் கொசுவலை, வெள்ளையடிப்பு எல்லாம் சொன்ன பணத்தில் முடிந்தன. ஆனால் மொத்த எஸ்டிமேட் 18 லட்சம், ஆன செலவு 23 லட்சத்து 40 ஆயிரம். அந்த 5 லட்சத்து 40 ஆயிரம் எங்கே போனது என்று வாட்ஸப் குழுவில் கேட்டவர்களுக்கும், எங்களிடம் கேட்காமல் வெளியே பேசியவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

1 லட்சத்து 10 ஆயிரம் வயரிங். பழைய வயரில் கை வைத்தால் பிளாஸ்டிக் பொடியாக உதிர்ந்தது, மாற்றாமல் பெண்களை அங்கே படுக்க வைக்க முடியாது. மீதி 4 லட்சத்து 30 ஆயிரமும் மாடிக் கூரைக்குப் போனது.

நம்முடையது மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே செங்கல்லைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவை கொட்டி, தட்டோடு பதித்தது. கெட்டுப்போன கட்டையை மட்டும் மாற்றி மேல்தளத்தைப் புதுப்பிப்பது என்றுதான் காண்டிராக்டரோடு ஒப்பந்தம். தட்டோட்டைப் பெயர்த்த பிறகு, மொத்தமும் செல்லரித்துவிட்டது, இடித்துவிட்டு கான்கிரீட் போடணும், இன்னும் 9 லட்சம் ஆகும் என்றார். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டோம். எழுதித் தரவில்லை. அடுத்த வாரம் ஆட்களை நிறுத்திவிட்டார், சாரக் கட்டைகளையும் அவிழ்த்துக்கொண்டு போனார். ஐப்பசி மழை வருகிற நேரத்தில் கூரை திறந்து கிடந்தது.

பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற இன்ஜினியர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். ஏணியில் ஏறி ஒவ்வொரு கட்டையையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். நல்ல கட்டை கணீரென்றது, கெட்டது சொத்தென்றது. 42 கட்டைகளில் 11தான் கெட்டிருந்தன, அவையும் சுவருக்குள் போகிற முனையில்தான், ஓதம் இறங்கி அரித்திருந்தது. நடுமரத்தை உளியால் செதுக்கினால் உள்ளே பொன்னிறம். இதை இடிக்கச் சொன்னவரிடம் எப்படி வேலையைத் தொடர்ந்து கொடுப்பது? ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டோம்.

அந்தக் காண்டிராக்டருக்கு ஏன் பணம் கொடுத்தீர்கள், கேஸ் போட்டிருக்கலாமே என்கிறார்கள். செய்த வேலையை அளந்து, அளவுப் புத்தகத்தில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு, அந்த அளவுக்கு மட்டுமே கொடுத்தோம். அவர் கேட்டதைவிட 2 லட்சத்து 10 ஆயிரம் குறைவு. கோர்ட்டுக்குப் போயிருந்தால் இன்றைக்கும் கூரை தார்ப்பாயோடுதான் இருக்கும், பெண்கள் கீழே ஹாலில் பாய் போட்டுத்தான் படுத்திருப்பார்கள். கமிட்டி கமிஷன் அடித்தது என்று பேசுகிறவர்கள் தயவுசெய்து வந்து பில்களைப் பாருங்கள். பழைய தேக்கு, தார்ப்பாய், புது சாரம், சுண்ணாம்பு வேலை தெரிந்த காரைக்குடிப் பக்கத்து மேஸ்திரியின் கூலி என எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது. அவர் கடுக்காயை ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் சேர்த்துக் கலவையைப் புளிக்கவிட்டுப் போட்டார். அதற்கு நாள் பிடிக்கத்தான் செய்யும். இந்த மழையில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

அடுத்தது, மாடியை ஏசி ஹாலாக்கி சீமந்தம், நிச்சயதார்த்தத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கலாமே என்ற கேள்வி. இதில் கமிட்டிக்கு இரண்டாவது யோசனையே இருக்கவில்லை. ஹாலில் யார் படம் மாட்டியிருக்கிறது? சகோதரி சுப்புலட்சுமியின் படம். அவரிடம் படித்தவர்கள்தான் நம் சங்கத்தைத் தொடங்கினார்கள். விவரம் தெரியாத வயதில் கல்யாணமாகி விதவையானவர் அவர். வீட்டார் மூலையில் உட்கார வைக்காமல் படிக்க வைத்தார்கள், 1911இல் பிரசிடென்சி கல்லூரியில் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷமே சாரதா மகளிர் சங்கம். எழும்பூரில் குடும்ப வீட்டிலேயே சில விதவைச் சிறுமிகளை வைத்துக்கொண்டு இல்லத்தைத் தொடங்கினார், சித்தி வாலாம்பாள் கூடமாட இருந்து பார்த்துக்கொண்டார். 1917இல் ஐஸ் ஹவுஸ் கிடைத்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டியை வைக்கக் கட்டிய கட்டடம் அது. அதில் அந்தக் குழந்தைகளுக்குப் படுக்கை போட்டார், சாப்பாடு போட்டார், பள்ளிக்கு அனுப்பினார், டீச்சராக்கினார். படுக்கவும் படிக்கவும் இடம் கொடுப்பதுதான் அவர் செய்த காரியம். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு பெண்கள் படுக்கிற இடத்தை வாடகைக்கு விட எங்களுக்கு மனசு வரவில்லை, வரவும் வராது.

ஆசாரத்துக்காக விடுதியில் தனிச் சமையலறை கேட்டவர்களுக்கும் அதேதான் பதில். ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமண விதவைகளுக்காகத்தானே இருந்தது என்று ஒரு மூத்த உறுப்பினர் எழுதியிருந்தார். உண்மைதான். ஆசாரம் கெடும் என்றால் அன்றைக்கு எந்தக் குடும்பமும் பெண்ணை அனுப்பியிருக்காது. ஆனால் சகோதரி அங்கேயே நின்றுவிடவில்லையே. நடுக்குப்பத்து மீனவக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார், வயது வந்த பெண்கள் படிக்க 1927இல் சாரதா வித்யாலயா வந்தது, குழந்தை மணத்தைத் தடுக்கும் சட்டம் வேண்டும் என்று அரசு நியமித்த ஜோஷி கமிட்டி முன் சாட்சி சொன்னார். ஒவ்வொரு கட்டத்திலும் வாசலைப் பெரிதாக்கிக்கொண்டே போனவர் அவர். இன்றைக்கு நம் விடுதியில் செவிலியர் படிப்புப் பெண்ணும் கணவனை விட்டு வந்த பெண்ணும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அது அப்படியே இருக்கும்.

கொடுத்தவர்கள் பெயர் எல்லாம் மாடிப்படி அருகே கல்லில் இருக்கிறது. ஆனாலும் இங்கே சொல்லாமல் விட முடியாது: எண்பதுகளில் விடுதியில் தங்கிப் படித்த தோழிகள் குழு, தையல் வகுப்புப் பெண்கள், பார்த்தசாரதி கோயில் பக்கத்துப் பூக்காரம்மா, பென்ஷன் அரியரை அப்படியே கொடுத்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, இரண்டு வளையலை விற்றுக் கொடுத்து பெயர் போடக்கூடாது என்ற அம்மா, சிமெண்ட்டை வாங்கின விலைக்கே தந்த கடைக்காரர், கட்டைகளை இலவசமாக இறக்கிக் கொடுத்த வண்டிக்காரத் தம்பி, சிங்கப்பூரிலிருந்து மாதாமாதம் அனுப்பிய முன்னாள் மாணவி, கட்டில் வாங்கித் தந்த வங்கி ஊழியர் தோழிகள். இவர்கள் இல்லாவிட்டால் கூரை இல்லை.

வரவு 21 லட்சத்து 90 ஆயிரம். குறைந்த 1 லட்சத்து 50 ஆயிரத்தைப் பொது நிதியிலிருந்து எடுத்திருக்கிறோம், மார்ச்சுக்குள் திருப்பி வைக்கணும். சந்தா நிலுவை உள்ளவர்கள் கட்டிவிட்டால் பாதி அடைந்துவிடும். பில் ஃபைலும் அளவுப் புத்தகமும் அலுவலகத்தில் மாலை 4 மணி முதல் 6 மணி வரை பார்க்கக் கிடைக்கும். அடுத்த பொதுக்குழுவில் ஆடிட்டரும் இருப்பார், கேட்க வேண்டியதை அங்கேயே கேளுங்கள்.

செயலாளர்
திருப்பணிக் கமிட்டிக்காக