மயசபை உண்மையா என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

மயசபை என்று ஒன்று உண்மையிலேயே இருந்ததா என்று சென்ற ஞாயிறு நீ தொலைபேசியில் கேட்டபோது, "கதைதானே அம்மா" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அந்தப் பதிலில் எனக்கே நிறைவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அசுரச் சிற்பியான மயன் பாண்டவர்களுக்காக அந்த மண்டபத்தைக் கட்டி முடிக்க 14 மாதங்கள் ஆயின என்று கணக்கெல்லாம் சொல்கிறது மகாபாரதத்தின் சபா பருவம். பளிங்குத் தரையை நீரென்று எண்ணி ஆடையைத் தூக்கிக்கொண்ட துரியோதனன், பின்னர் நீரைத் தரையென்று நம்பி விழுந்ததை நீ அறிவாய். திருக்குர்ஆனின் 27-ஆம் அத்தியாயத்திலும் இதே மயக்கம் வருகிறது: சுலைமான் நபியின் மாளிகைக்குள் நுழையும் சபா நாட்டு அரசி, கண்ணாடித் தளத்தை நீரென்று நினைத்து ஆடையை உயர்த்துகிறாள். அவள் மனம் மாறி இறைவனைப் பணிகிறாள். துரியோதனனுக்கோ அந்த அவமானம் பகையாக மூள்கிறது.

பாண்டவர்களின் தலைநகரான இந்திரப்பிரஸ்தம் எனக் கருதப்படும் டெல்லி பழைய கோட்டையை அகழ்ந்தபோது அப்படியொரு மண்டபம் கிடைக்கவில்லை. ஆனால், பாடலிபுத்திரத்தின் (இன்றைய பாட்னா) கும்ரகாரில் 1912-13-இல் தொல்லியலாளர் ஸ்பூனர் தோண்டத் தொடங்கியபோது, கண்ணாடிபோல் மெருகேற்றிய மணற்கல் தூண்களைக் கொண்ட மௌரியர் கால மண்டபம் வெளிப்பட்டது. அசுர மயன் என்பதே பாரசீகரின் கடவுளான அகுர மஸ்தாதான் என்று அவர் வாதிட்டது எனக்கு மிகையாகவே படுகிறது. அதைவிடப் பாகியானின் குறிப்பு பெரிது. அசோகனுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் பின்னர் அங்கே வந்த அந்தச் சீனத் துறவி, அவ்வரண்மனையைப் பூதங்களே கட்டின என்றும் மனிதக் கைகளால் அப்படிச் செதுக்க இயலாது என்றும் எழுதி வைத்தார். கட்டியவர்களை மறந்துவிட்ட ஊர், கல்லின் மெருகைப் பார்த்து ஒரு கதையைச் செய்துகொண்டது என்றே நான் நினைக்கிறேன்.

விவிலியம் சொல்லும் பாபேல் கோபுரத்தின் கதை இன்னும் தெளிவானது. கல்லுக்குப் பதில் சுட்ட செங்கல்லும் சாந்துக்குப் பதில் நிலக்கீலும் வைத்துக் கட்டினார்கள் என்கிறது ஆதியாகமத்தின் 11-ஆம் அதிகாரம். கல் கிடைக்காத பாபிலோனில் உண்மையான கட்டுமான முறையும் அதுவே. ஆகவே, அந்த வரியை எழுதியவர் பாபிலோனின் கட்டுமானத்தைக் கண்டோ, கண்டவரிடம் கேட்டோதான் எழுதியிருக்க வேண்டும். அங்கிருந்த எதெமெனங்கி என்னும் அடுக்குக் கோபுரத்தை பாபிலோன் அரசன் இரண்டாம் நெபுகாத்நேசர் புதுப்பித்துக் கட்டினான். எருசலேமை வீழ்த்தி யூதர்களைச் சிறைப்பிடித்துச் சென்றவனும் அவனே. சிறைப்பட்டவர்களின் கண்ணுக்கு அந்தக் கோபுரம் வெறும் கோயிலாகவா தெரிந்திருக்கும்?

பின்னாளில் சிதைந்து கிடந்த அந்தக் கோபுரத்தை அலெக்சாந்தர் திரும்பக் கட்ட எண்ணி இடிபாடுகளை அகற்றச் செய்தான். வேலை முடியுமுன் கி.மு. 323-இல் இறந்துபோனான். எஞ்சிய சுட்ட செங்கற்களைப் பிற்காலத்தவர் பெயர்த்தெடுத்துத் தங்கள் வீடுகளுக்குக் கொண்டு போனார்கள். வானிலிருந்து எடுத்த படம் கிடைத்தால் பார்: பக்கத்துக்கு ஏறத்தாழ 91 மீட்டர் கொண்ட சதுர அடித்தளம், நடுவில் எஞ்சிய மண் திட்டு, அதைச் சுற்றிச் செங்கல் பெயர்த்த பள்ளத்தில் தேங்கிய தண்ணீர்.

அன்புடன்,
அப்பா